உரிய இடத்தில் எழுதவும்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒன்றாவது பொய் என்று தெரிந்தால், வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இந்த நிமிஷமே கொட்டட்டும். அந்த மூன்றை நம்பித்தான் சாப்பாடே நடக்கிறது என்பதால் இதைச் சாதாரணச் சத்தியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போதாதென்றால் சாட்சியும் உண்டு. நகராட்சிப் பெயின்டர். முதலிலிருந்து கடைசிவரை கூடவே இருந்தவர். பொய் என்றால் என்னவென்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர்.

அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தின் தலைமை எழுத்தரை எல்லோரும் காற்புள்ளியார் என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்று சொல்லுக்கு ஒரு காற்புள்ளி வைக்காவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே எழுதியவர், தன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் நடுவில்கூட ஒன்று வைத்துவிட்டார். மணமகளின் தம்பி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நடுவுல குட்டியா ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே, அவரு யாரு மச்சான்?" என்று கேட்டான். அன்றைக்கு ஆரம்பித்தது அவன் கிண்டல். இருபத்து நான்கு வருஷமாக ஓயவில்லை.

காற்புள்ளியாருக்கும் மச்சானாகிவிட்ட அந்தத் தம்பி வேறெங்காவது கடை கண்ணி வைத்துப் பிழைத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. அவனும் தலைமை எழுத்தர். அதுவும் பக்கத்து ஊர் நகராட்சியில். இரண்டு ஊருக்கும் நடுவே எல்லை என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஒரு சாக்கடை இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கா, அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கா என்று தனக்கே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து கனமான உறை வந்தது. இரண்டு சின்ன ஊருக்கு எதற்கு இரண்டு அலுவலகம்? இரண்டு நகராட்சியும் தங்கள் வேலையைத் தாங்களே மதிப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். பத்து நாளில் ஆய்வாளர் வருவார். பின்தங்கிய அலுவலகம் மூடப்பட்டு மற்றதோடு சேர்க்கப்படும். கூடவே முப்பத்திரண்டு பக்கப் படிவம். காற்புள்ளியார் மூன்று பக்கம் படித்தார். நாலாவது பக்கத்தில் எழுத்து பொடியாகிவிட்டதால் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டார். இந்த இடத்தை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மதியமே மச்சானிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், சேதி வந்துச்சா?"

"வந்துச்சு."

"எங்க ஆபீஸ்ல கழிவறைக் கதவுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி சும்மா கிடக்கு. இப்பவே துடைச்சு வைக்கச் சொல்லிட்டேன். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் முழங்கால்ல இடிக்கும். காலை மடக்கி உட்கார்ந்துக்குங்க. உங்களுக்கு ஓய்வு பெற ஆறு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். மூக்கையும் சேர்த்து மூடிக்கிட்டா இன்னும் விசேஷம்."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"என் தம்பிக்குக் கீழ வேலை பார்த்தா தேய்ஞ்சா போயிடுவீங்க?" என்றாள் அவள்.

"கழிவறைப் பக்கத்துல நாற்காலியாம்."

"அப்படியா சொன்னான்?" அவள் முகத்தைச் சுளித்துக் கோபப்படத்தான் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. காயாத துணியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள். மேலேயிருந்து வெகு நேரம் சிரிப்புச் சத்தம் வந்தது.

அன்றைக்கே காற்புள்ளியார் முடிவு கட்டிவிட்டார். மச்சானை அவருக்குத் தெரியும். தொண்ணூற்றெட்டு போடுவான். நூறு போட்டால் திமிர் என்று சொல்வார்கள் என்கிற அளவுக்கு அவனுக்குப் புத்தி உண்டு. ஆகவே தான் தொண்ணூற்றொன்பது போட வேண்டியது. தீர்ந்தது விஷயம்.

ஆனால் அலுவலகம் என்றால் ஒரு முறை இருக்கிறது. பிரிவுகளிடம் கேட்டு வாங்கியதாக ஒரு காகிதமாவது கோப்பில் இருக்க வேண்டும். எனவே ஒரு சுற்றறிக்கை எழுதினார்: 'ஒவ்வொரு, சேவைக்கும், நேர்மையாக, மதிப்பெண் இட்டு, உரிய இடத்தில், எழுதவும்.'

அலுவலகக் கடிதத்தில் 'நேர்மையாக' என்பது சட்டையின் கழுத்துப் பொத்தான் மாதிரி. எல்லாச் சட்டையிலும் இருக்கும், யாரும் போட்டுக்கொள்வதில்லை. அது எல்லாப் பிரிவுக்கும் தெரியும். சாயங்காலத்துக்குள் குடிநீர் தொண்ணூற்றொன்பது, சாலை தொண்ணூற்றொன்பது, தெருவிளக்கு தொண்ணூற்றொன்பது என்று வந்து குவிந்துவிட்டது. பிறப்பு இறப்புப் பிரிவில் மட்டும் பிறப்புக்குத் தொண்ணூற்றொன்பதும் இறப்புக்கு நூறும் போட்டிருந்தார்கள். இறந்தவர்களிடமிருந்து இதுவரை ஒரு புகாரும் வரவில்லையாம்.

நடந்த ஒரே பிசகு, சுற்றறிக்கையின் அடியில் வழக்கம்போல 'அனைவருக்கும்' என்று போட்டதுதான். அதனால் ஒரு பிரதி பெயின்டருக்கும் போய்விட்டது.

பெயின்டர் இருபத்திரண்டு வருஷமாக வீட்டு எண்களும் தெருப் பெயர்களும் 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்பதும் எழுதி வருபவர். அத்தனை வருஷமும் அவருக்கு உத்தரவு என்பது யாராவது ஜன்னலிலிருந்து கத்துவதுதான். தன் பெயருக்கு ஒரு காகிதம் வருவது அதுவே முதல் தடவை. மூன்று முறை படித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏணியையும் வெள்ளை பெயின்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை காற்புள்ளியார் தெருவில் இறங்கினால், முதல் திருப்பத்தில் அவர் தினமும் சுற்றிப் போகும் பள்ளத்தைச் சுற்றி அழகாக வெள்ளை வட்டம். உள்ளே முத்து முத்தான எழுத்தில்: 6/100. நாலடி தள்ளித் தெருக்குழாய், ஒன்பது வருஷமாக ஒழுகுவது: 14. விளக்குக் கம்பம்: 22. நூலக வாசற்படி: 57, பக்கத்தில் சின்னதாக 'மூன்றாம் படி ஆடும்'. அவர் நடக்கவில்லை, ஓடினார். அலுவலகச் சுவரில் 39. தூங்கிக்கொண்டிருந்த பொறியாளரின் முதுகில் 11. தன் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். 48.

பெயின்டர் ஏணியில் நின்று கூரைக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது?"

"மதிப்பெண் சார்."

"யாருய்யா போடச் சொன்னது?"

பெயின்டர் இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை எடுத்து விரித்தார். "நீங்கதான் சார். நேர்மையா. உரிய இடத்துல."

"உரிய இடம்னா படிவத்துல இருக்கிற கட்டம்யா."

"கட்டம்னு எழுதலையே சார். பள்ளத்துக்கு உரிய இடம் பள்ளம்தானே?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தன் தன் காகிதத்தை முழுசாகப் படித்திருக்கிறான் என்பது காற்புள்ளியாருக்கு உறைத்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "என் நாற்காலிக்கு ஏன்யா நாற்பத்தெட்டு?"

"அம்பது போடலாம்னுதான் பார்த்தேன். காற்புள்ளிக்கு ரெண்டு கழிச்சேன்."

"கொசு ஒழிப்புன்னு ஒரு சேவை இருக்கே, அதுக்கு எங்க எழுதின?" என்றார், எங்கேயாவது மடக்கலாம் என்று.

"அதுக்குத்தான் சார் அரை நாள் யோசிச்சேன். ஒத்தை முடி பிரஷ் ஒண்ணு பண்ணி, கொசு மேலயே எழுதிட்டேன். ஒன்பது. காயறவரைக்கும் ஊதிக்கிட்டிருந்தேன். பறந்து போச்சு."

நகராட்சித் தலைவி தன் அறைக் கதவில் 44 என்று இருப்பதைக் கண்ணாடி போட்டு ஒரு தடவையும் போடாமல் ஒரு தடவையும் பார்த்தார். "பாஸ் மார்க் எவ்வளவு?" என்றார்.

"முப்பத்தஞ்சு மேடம்," என்றார் பெயின்டர்.

"அப்ப பாஸ்தானே? எங்க வீட்ல யாரும் நம்ப மாட்டாங்க. ஒரு போட்டோ எடுங்க."

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஆறு வாங்கிய தெருக்காரர்களுக்கு அடுத்த தெருப் பள்ளம் ஏழு வாங்கியது தெரிந்தது. "ஒரு மார்க்குல அவங்க என்ன ஒசத்தி?" என்று மறுமதிப்பீடு கேட்டு மனு கொடுத்தார்கள். பெயின்டர் அளவுகோலோடு வந்து பள்ளத்தில் இறங்கினார். இடுப்புவரை போய்விட்டது. ஏறி வந்து ஆறை அழித்து ஐந்து போட்டார். அடுத்த தெருவுக்கு அன்றைக்கு இனிப்பு விநியோகமே நடந்தது. பிறப்பு இறப்புப் பிரிவு அம்மாவுக்குத் தன் ஜன்னலுக்கு மேல் 31 தொங்குவது பொறுக்கவில்லை. வந்தவருக்கெல்லாம் வந்த வேகத்தில் சான்றிதழ் கொடுத்தார். ஒரு குழந்தைக்குப் பிறப்பதற்கு நாலு நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டார். தேதி தப்பிவிடக் கூடாதே என்று அந்தக் குழந்தையும் சரியாக நாலாம் நாள் பிறந்தது. இருபத்திரண்டு வாங்கிய விளக்கு பகலிலும் எரிய ஆரம்பித்தது. அணைக்கப் போன மின் ஊழியரின் கையில் அதிர்ச்சி கொடுத்துவிட்டு எரிந்தது. ஒன்பது வருஷமாக ஒழுகிய குழாய் பதினாலைப் பார்த்து அவமானத்தில் ஒழுகுவதையே நிறுத்திவிட்டது. திறந்தாலும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

காற்புள்ளியாருக்குக் கண்ணை மூடினால் கழிவறைக் கதவு வந்து முழங்காலில் இடித்தது. ஆய்வாளர் வர மூன்றே நாள். "எல்லாத்தையும் அழிய்யா," என்றார் பெயின்டரிடம்.

"எழுதித் தாங்க சார். போன உத்தரவு காகிதத்துல வந்தது. அதை வாய்ச்சொல்லை வெச்சு மீறினா நல்லாவா இருக்கும்?"

'அழிக்கவும்' என்று கோப்பில் எழுத எந்தத் தலைமை எழுத்தருக்குக் கை வரும்? நாசூக்காக எழுதினார்: 'மேற்படி, மதிப்பெண்களை, உடனடியாக, திருத்தவும்.'

பெயின்டர் இதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போய்த் திருத்தினார். ஊரை இன்னொரு தடவை தெருத் தெருவாக, கம்பம் கம்பமாகச் சுற்றி, எங்கெல்லாம் தவறிப்போய் ஒன்றிரண்டு கூடவோ குறையவோ போட்டுவிட்டோமோ அங்கெல்லாம் சரி செய்தார். குழாய்க்கு ஒழுகாததற்கு ஐந்து ஏற்றி, தண்ணீர் வராததற்கு ஐந்து இறக்கி, பழையபடி பதினாலிலேயே விட்டார். பொறியாளருக்கு ஒன்று கூட்டிப் பன்னிரண்டு ஆக்கினார். குறட்டை நின்றிருந்ததாம். எல்லாம் முடிந்து சராசரி பார்த்தால் நாற்பத்தொன்று. முன்பாவது ஏதோ அவசரத்தில் போட்டது என்று சொல்லியிருக்கலாம். இப்போது இரண்டு தடவை சரிபார்த்த நாற்பத்தொன்று.

"எங்கிட்ட சொல்லுங்க மச்சான்," என்றான் போனில் மச்சான், "ஊர் முழுக்க பரீட்சைப் பேப்பர் மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்களாமே? நாற்காலிக்கு ஒரு மெத்தை போடச் சொல்லவா?"

ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பைக் குடையோடு சேர்த்து எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். முதலில் பக்கத்து ஊருக்குத்தான் போனார். மச்சான் மாலையும் கையுமாக நின்று, தொண்ணூற்றெட்டு என்று எழுதிய படிவத்தை நீட்டினான்.

"கொசு ஒழிப்பு நூத்துக்கு நூறு சார். எங்க ஊர்ல கொசுவே கிடையாது."

ஆய்வாளர் கழுத்தில் பட்டென்று அடித்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடியும் பார்த்தார். "இதுல ஒன்பதுன்னு எழுதியிருக்கு," என்றார்.

"அது பக்கத்து ஊர்க் கொசு சார்," என்றான் மச்சான், கொஞ்சமும் அசராமல். "எங்க ஊரைப் பார்க்க வந்திருக்கும்."

"சாக்கடை?"

"எல்லாம் மூடின சாக்கடை சார். அதோ, மூடி மேலயே நடந்து போகலாம்."

ஆய்வாளர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, படிவத்தில் மட்டும் இருந்த அந்த மூடியின் மேல் கால் வைத்தார். படிவம் தாங்கவில்லை.

உள்ளே விழுந்தவரை மேலேயிருந்து எட்டிப் பிடிக்க முடியவில்லை. எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று தெரியாமலிருந்த சாக்கடை அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்து, ஆய்வாளரைத் தூக்கிக்கொண்டு இந்த ஊர்ப் பக்கம் ஓடியது. கும்மிருட்டு. பூதக்கண்ணாடியும் போயிற்று. நாற்பது நிமிஷம் கழித்துத் தலைக்கு மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சாக்கடைக்கு உரிய இடம் சாக்கடையின் உள்பக்கம்தானே என்று மூடியின் அடியில் பெயின்டர் எழுதி வைத்திருந்தார்: '19. ஏறும் வழி இதுவே. இரண்டாம் கம்பி இல்லை.'

ஆய்வாளர் இரண்டாம் கம்பியைத் தேடாமல் மூன்றாவதைப் பிடித்து ஏறி, தலையால் மூடியைத் தள்ளினார். எழுந்த இடம் நகராட்சி வாசல். காற்புள்ளியார் ஓடி வந்து தன் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தார்.

ஆய்வாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காதைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பத்தொன்பது போட்டிருக்கீங்க," என்றார்.

"ஆமா சார்," என்றார் காற்புள்ளியார்.

"சரியாத்தான் இருக்கு. உள்ளேயிருந்து வர்றவன் சொல்றேன். படிவம் எங்கே?"

படிவத்தில் மொத்த மதிப்பெண் கட்டம் இன்னும் காலி. பிரிவுகள் அனுப்பிய தொண்ணூற்றொன்பதுகள் மேஜை இழுப்பறையில் தயாராக இருந்தன. காற்புள்ளியார் பேனாவைத் திறந்தார். ஒன்பது என்று ஆரம்பிக்கக் கை வளைந்தது. தற்செயலாக ஜன்னல் பக்கம் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பதினேழு இடத்தில் மதிப்பெண் தெரிந்தது. பொறியாளர் ஒருமுறை குறுக்கே நடந்து போனதும் பதினெட்டு ஆயிற்று.

கழிவறைக் கதவு, முழங்கால், ஆறு வருஷம், மெத்தை எல்லாம் கண்முன் வரிசையாக வந்து நின்றன. போகட்டும் என்று மூச்சை இழுத்துவிட்டுக் கட்டத்தில் எழுதினார்: 41. முற்றுப்புள்ளி வைக்க மனசு வரவில்லை. பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்தார்.

"இது என்ன?" என்றார் ஆய்வாளர்.

"இன்னும் வரும் சார்."

ஆய்வாளர் ஈரச் செருப்போடு ஊரைச் சுற்றினார். ஐந்து என்ற பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். நூலகத்தின் மூன்றாம் படியை ஆட்டிப் பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் தன் கணக்கைக் குறித்துக்கொண்டே வந்தார். பெயின்டர் ஏணியோடு பத்தடி பின்னால் நடந்தார். சாயங்காலம் ஆய்வாளர் போட்டது நாற்பத்திரண்டு. அந்த ஒன்று துண்டுக்காக. பக்கத்து ஊருக்கு அவர் போட்டது பதினேழு.

பிறகு படிவத்தின் முப்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டி, கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். 'தாங்களே இட்ட மதிப்பெண்ணுக்கும் ஆய்வாளர் இடும் மதிப்பெண்ணுக்கும் வித்தியாசம் அதிகமுள்ள அலுவலகமே பின்தங்கியதாகக் கருதப்படும்.'

"இங்க வித்தியாசம் ஒண்ணு," என்றார். "அங்க எம்பத்தொண்ணு. இந்தப் பக்கத்தைப் படிச்சுட்டுத்தானே இப்படி ஊரெல்லாம் எழுதினீங்க?"

"வேற எதுக்கு சார்," என்றார் காற்புள்ளியார், பெயின்டரின் காலை மிதித்துக்கொண்டே.

அன்று அவர் வீட்டுக்கு நடந்தாரா மிதந்தாரா என்று சொல்ல முடியாது. செருப்பு தேயவில்லை என்பது மட்டும் நிச்சயம். வாசலில் நின்றபடியே போன் போட்டார்.

"மச்சான், அந்த நாற்காலி துடைச்சாச்சா?"

"துடைச்சது துடைச்சபடி இருக்கு," என்றது ஈனக்குரல்.

"கையோட எடுத்துக்கிட்டு வந்துடு. எங்க ஆபீஸ்லயும் ஒரு கழிவறை இருக்கு. கதவு வேற வெளிப்பக்கமாத்தான் திறக்கும்."

மனைவி போனைப் பிடுங்கிக் காதில் வைத்து, "பயப்படாதடா, நான் பார்த்துக்கறேன்," என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, கணவன் பக்கம் திரும்பினாள். "என் தம்பியை அங்க உட்கார வெச்சீங்கன்னா, அன்னியிலேருந்து நம்ம வீட்லயும் உங்க நாற்காலி அந்தப் பக்கம்தான். சொல்லிட்டேன்."

இரண்டு வாரத்தில் மச்சான் சாப்பாட்டு டப்பாவோடு வந்து சேர்ந்தான். காற்புள்ளியாருக்கு நேர் எதிரே, காற்று வரும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இடம். உட்காரும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று நாற்காலியைத் திருப்பிப் பார்த்தான். முதுகில் ஈரம் காயாமல் 17.

"மச்சான்," என்றான், "அந்தப் பெயின்டரைக் கொஞ்சம் கூப்பிடுங்க. பேசணும்."

"தாராளமா," என்றார் காற்புள்ளியார்.

அந்த நகராட்சியின் பணிப் பதிவேட்டைப் புரட்டினால், நம் சாட்சி இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவரும் அந்தப் பெயின்டர் பணியிடம் பதினான்கு வருஷமாகக் காலி.